எழுபது சதவீத மழை

1

இந்த ஏப்ரலோடு நாங்கள் அயர்லாந்துக்கு வந்து ஏழு வருடம் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெயந்தி சின்னதாக ஒரு கேக் செய்திருந்தாள். அதில் ஏழு மெழுகுவர்த்தி ஏற்றினால் யாருக்குப் பிறந்தநாள் என்று பாடுவது என மகள் கயல் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். ஏழு வருடம் ஆனதை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே, வர்ற வெள்ளிக்கிழமை மழை வருமா, வராதா?" என்றார்.

கயல் மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் வேல்முருகன் கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். பழம் நிறம் ஏறிய பிறகு இனிப்பு ஏறுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் அவரிடம் வேறு எதைப் பற்றியும் பேச முடியாது. மழை பெய்தால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல பழமும் அழுகும். வியாபாரி பந்தலுக்குள் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டி ஏறிவிடுவார். ஆலங்கட்டி விழுந்துவிட்டால் பந்தல் பக்கமே போக மனசு வராது. சரி, மழைக்குப் பயந்து முன்னாலேயே வெட்டலாம் என்றால் பழம் புளிக்கும். இந்தக் கோடை மழையும் ஒழுங்காக வந்து தொலைக்காது. கூடலூரில் கொட்டும், கம்பத்தில் தூறும், எங்கள் ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

இதையெல்லாம் ஏன் அயர்லாந்தில் பஸ் ஓட்டுகிறவனிடம் கேட்கிறார் என்று உங்களுக்குத் தோன்றும். வந்த புதிதில் எங்களுக்குள் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. சாப்பிட்டியா, குளிரா, பாப்பா படிக்குதா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒருநாள் வாய் சும்மா இருக்க முடியாமல், "கம்பத்துக்கு நாளைக்கு மழை காட்டுதுண்ணே" என்றேன். அண்ணனின் குரலே மாறிவிட்டது. அன்றிலிருந்து நான்தான் அவருக்கு வானிலை நிலையம்.

முதல் இரண்டு மாதம் நான் அனுப்பியது ஆந்திராவில் அதே பெயரில் இருக்கும் இன்னொரு கம்பத்தின் வானிலை. "என்னலே, நாப்பத்திரெண்டு டிகிரிங்கிற, இங்கன நான் துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று அண்ணன் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகும் அவர் என்னிடம் கேட்பதை நிறுத்தவில்லை. உடன்பிறந்தவர் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

2

நாங்கள் இருப்பது கார்க் நகரத்துக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். ஜெயந்தி உத்தமபாளையத்துப் பெண், இங்கே நர்ஸ். அவளுடன் வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் மலையாளிகள். நான் ஊரில் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கோட்டயம் போய் வந்தவன் என்பதால், அவர்கள் வீட்டு விருந்துகளில் ஜெயந்தியைவிட எனக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் குமுளி மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிய இந்த வீரனை, நேர்ரோட்டில் கண்ணாடியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பஸ் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். மூன்றாவது முறை கண்ணாடியை மட்டுமே பார்த்து ஓட்டி வாங்கினேன்.

இங்கே பஸ்ஸில் ஏறுகிற எல்லோரும் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். இறங்கும்போது நன்றி சொல்வார்கள். இரண்டுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வானம் முழுக்கக் கருத்து, குளிர்ந்த காற்று அடித்தது. மேரி என்ற அம்மாள் ஏறினார். எனக்கு மனசெல்லாம் சந்தோஷம். "எவ்வளவு அருமையான நாள்" என்று ஆங்கிலத்தில் உற்சாகமாகச் சொன்னேன். மேரி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவரைக் கிண்டல் செய்கிறேன் என்று ஒரு மாதம் வரை நினைத்திருந்தாராம். தேனிப் பக்கத்துக்காரனுக்கு மேகம் திரண்டால்தான் நல்ல நாள் என்பதை அவருக்கு விளக்குவதற்கு அப்போது என்னிடம் அவ்வளவு ஆங்கிலம் இல்லை.

விடுமுறைக்கு ஒரு படிவம் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய ஓட்டுநர்கள் முதலில் தங்கள் வாரங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கோடை வாரங்கள் என் முறை வருவதற்குள் தீர்ந்துவிடும். எனக்கு மிஞ்சுவது பிப்ரவரியும் நவம்பரும். அப்போது கயலுக்குப் பள்ளிக்கூடம். ஒரு வருடம் எப்படியோ கோடையில் பத்து நாள் கிடைத்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியது வரும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். ஏழு வருடத்தில் இரண்டு முறைதான் ஊருக்குப் போயிருக்கிறோம். மற்ற வருடங்களில் ஜனவரியில் "இந்தக் கோடைக்குக் கண்டிப்பா வர்றோம்ணே" என்பேன். மார்ச்சில் "பாக்கலாம்ணே" என்று ஆகும். மே மாதம் வரும்போது நான் மழையைப் பற்றி மட்டும் பேசுவேன்.

3

என் வானிலை நிலையத்துக்கு ஊரில் ஒரு போட்டி உண்டு. அது ஜீப்.

எங்கள் ஊர்களிலிருந்து தினமும் காலையில் பெண்கள் ஜீப்பில் மலையேறிக் கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்புவார்கள். மேலே மழை என்றால் தலையோடு முதுகை மூடிக்கொள்ள ஆளுக்கொரு பிளாஸ்டிக் தாள் வைத்திருப்பார்கள். அண்ணன் மனைவி செல்லத்தாயி மதினி எங்கள் திராட்சைத் தோட்டத்து வாசலில் நின்று, திரும்பி வரும் ஜீப்பை நிறுத்தி அந்தத் தாளைத் தொட்டுப் பார்ப்பார். தாள் நனைந்திருக்கிறதா, காற்று எந்தப் பக்கம், மேகம் மலையைத் தாண்டியதா இல்லையா என்று நாலு கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்து, "இன்னிக்கு இல்ல" என்றோ, "துணியை எடுத்துருங்க" என்றோ தீர்ப்புச் சொல்வார்.

எனக்கும் அந்த ஜீப்புக்கும் இடையே அண்ணன் மாட்டிக்கொண்டது போன கோடையில். பழம் பழுத்து நின்ற நேரம். என் போன் பத்து சதவீதம் என்றது. மேலே தாள் நனைந்துவிட்டது, காற்றும் இந்தப் பக்கம் என்று மதினி சொன்னார். "பத்துதான்ணே, பயப்படாதீங்க" என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணன் என் பேச்சைக் கேட்டு வெட்டாமல் விட்டார். மறுநாள் சாயங்காலம் ஆலங்கட்டி மழை அரைமணி நேரம் அடித்தது. பாதிப் பழம் தரையில் கிடக்க அண்ணன் ஒரு படம் அனுப்பினார். அதோடு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அவர் திட்டியிருந்தால் நான் அப்போதே மறந்திருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாததால் ஒரு வருடமாக அது என் நெஞ்சில் கிடந்தது. இந்த வருடம் தப்பு நடக்கக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். இந்தக் கதையில் நடந்த தப்புக்கெல்லாம் அந்த உறுதிதான் காரணம்.

4

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கேட்டபோது வெள்ளிக்கிழமைக்கு இருபது சதவீதம் காட்டியது. திங்கட்கிழமை நாற்பது. செவ்வாய்க்கிழமை இருபத்தைந்துக்கு இறங்கியது.

"நாப்பதுங்கிற, இருபத்தஞ்சுங்கிற. மழையா இல்ல ஏலக்கா ஏலமாலே இது?" என்றார் அண்ணன்.

"நாள் நெருங்க நெருங்கத்தான்ணே சரியாச் சொல்லும்."

"சரி, நாப்பது சதவீதம்னா சும்மா தூத்தல்தானே? நூறுன்னாத்தான பெருமழை?"

எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் எண்ணம். கயல்தான் திருத்தினாள். அவளுக்குப் பதினான்கு வயது, பள்ளியில் இந்தக் கணக்குதான் பாடம். எவ்வளவு பெய்யும் என்பது அல்ல, பெய்யுமா என்பதற்குத்தான் அந்த எண் என்று எனக்கு மேஜையில் நாணயத்தைச் சுண்டிக் காட்டியிருக்கிறாள். இதை அண்ணனுக்கு விளக்கலாம் என்று பார்த்தால் எனக்குத் தமிழில் வார்த்தை வரவில்லை. கயலுக்கு விளக்கம் வருகிறது, தமிழ் வருவதில்லை. ஊர்ப்போன் வந்தால் "ஹாய் பெரியப்பா, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிடுவாள். அவளுக்கும் ஊருக்கும் நடுவில் அந்த இரண்டு வார்த்தைதான் மிச்சம் இருக்கிறதோ என்று ஜெயந்தியும் நானும் அடிக்கடி கவலைப்படுவோம்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது போனைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்கு எழுபது. கீழே மின்னல் படம், ஆலங்கட்டி படம். போன வருடத்துப் படம் கண்ணில் வந்தது. எழுபது என்று அனுப்பினால் அண்ணன் மறுபடியும் தூத்தலா, பெருமழையா என்று யோசித்துக்கொண்டு நிற்பார். அதனால் எண்ணை எடுத்துவிட்டேன். "வெள்ளிக்கிழமை ஆலங்கட்டி மழை. இன்னிக்கே ஆள் விட்டு வெட்டிருங்க" என்று அனுப்பிவிட்டுப் பஸ்ஸை எடுத்தேன். நெஞ்சில் கிடந்தது இறங்கிய மாதிரி இருந்தது.

பத்து மணி இடைவேளையில் கூப்பிட்டேன். ஊரில் மதியம் இரண்டரை.

"நல்ல நேரத்துல சொன்னடா தம்பி. ஒடனே குரூப்ல போட்டுட்டேன். நம்ம ஆளுக எல்லாரும் வெட்டுறாக" என்றார் அண்ணன்.

"நம்ம பழம்?"

"ஆளு இல்லலே."

எங்கள் பக்கம் பந்தலோடு பந்தல் ஒட்டித்தான் இருக்கும். மழையோ பூச்சியோ, சேதி தெரிந்தவன் முதலில் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் தன் பழத்தை மட்டும் வெட்டிக்கொண்டால் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் தீராது. திராட்சைக்காரர்களின் போன் குரூப்பை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். என் செய்தியை அப்படியே அதில் போட்டுவிட்டு, குளித்து, சாப்பிட்டு, பிறகு வெட்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார். ஊரில் இருப்பது மூன்று செட்டு ஆட்கள். மூன்றும் சனிக்கிழமை வரை மற்றவர்களுக்குப் போய்விட்டது. குரூப்பில் எல்லோருக்கும் முதலில் சேதி சொன்னவருடைய பழம் மட்டும் பந்தலிலேயே தொங்கியது.

"நம்மளே வெட்டிர முடியாதாண்ணே?"

"நானும் உங்க மதினியும் வெட்டுனா அடுத்த வெள்ளிக்கிழமை முடியும்" என்றார். பிறகு அவரே என்னைச் சமாதானப்படுத்தினார். "விடுலே. ஊருக்காவது பழம் தப்பிச்சுதுல்ல."

5

வெள்ளிக்கிழமை கார்க்கில் வெயில் பிரமாதமாக அடித்தது. பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் அருமையான நாள் என்றார்கள். என் முகம் மட்டும் ஊரில் மேகம் திரண்டது போல இருந்திருக்கும். மேரி ஏறியவுடன் என்ன விஷயம் என்று கேட்டார். இப்போது என்னிடம் ஆங்கிலம் போதுமான அளவு இருக்கிறது. எங்கள் அண்ணன், திராட்சை, எழுபது சதவீதம், ஆள் கிடைக்காதது எல்லாவற்றையும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்வதில் தனக்கு அறுபது வருட அனுபவம் இருப்பதாகவும், ஒருமுறைகூடப் பலித்ததில்லை என்றாலும் எங்கள் அண்ணனுக்காக முயற்சி செய்வதாகவும் மேரி சொன்னார். முன்வரிசையில் இருந்த இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். மதினி எடுத்தார். ஊரில் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

"மேக்க மலை மேல கருகருன்னு நிக்குது தம்பி. உங்க அண்ணன் பந்தலுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டாரு. வெளிய வாங்கன்னாலும் வரமாட்டேங்குறாரு."

"காத்து அடிக்குதா மதினி?"

"அடிக்குது. இருங்க, ஜீப்பு வருது. போனை வைக்காதீங்க."

போனில் ஜீப் சத்தம், பெண்கள் பேசும் சத்தம், மதினி யாரையோ அதட்டும் சத்தம் எல்லாம் வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஓடாத பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். என் சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது. ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மேல சொட்டு இல்லக்கா. மத்தியானமே காத்து வடக்க திரும்பிருச்சு. அந்த மேகம் உங்களுக்கு இல்ல, தேவாரத்துக்குப் போகுது."

"தாளைக் காட்டு" என்றார் மதினி. கொஞ்ச நேரம் கழித்துப் போனுக்கு வந்தார். "காஞ்சு மொடமொடன்னு இருக்கு தம்பி. நீங்க சாப்புடுங்க."

அன்று மழை வடக்கே தேவாரம் என்ற ஊர்ப் பக்கம் போய்க் கொட்டியது. எங்கள் ஊரில் தூசியைக் கிளப்பிவிட்டு அடங்கிவிட்டது. திரும்பும் வழியில் மேரியிடம் சொன்னேன். அறுபது வருடத்தில் பலித்த முதல் வேண்டுதல் இந்தியாவில் போய்ப் பலித்திருக்கிறதே என்று அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அண்ணனின் பழம் இன்னும் நான்கு நாள் பந்தலில் நின்று நன்றாக இனித்தது. செவ்வாய்க்கிழமை வெட்டினார். வியாபாரி ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டாராம். மற்றவர்களின் பழம் புளிப்பு என்று விலை குறைந்துதான் போயிருந்தது.

6

நான் கொண்டாட்டத்தில் இருந்தேன். அண்ணனோ இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மதினிதான் விஷயத்தைச் சொன்னார்.

அண்ணன் கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது பின் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "வேல்முருகன் கெட்டிக்காரருப்பா. வெளிநாட்டுத் தம்பிய வச்சு மழைன்னு கிளப்பிவிட்டு, ஊரையே வெட்ட விட்டுட்டு, தன் பழத்தை மட்டும் பழுக்க வச்சுட்டாரு" என்று சிரித்திருக்கிறார்கள். பாராட்டுகிற தொனியில்தான் சொன்னார்களாம். அதுதான் அண்ணனால் தாங்க முடியவில்லை.

"பழம் போயிருந்தா அடுத்த வெள்ளாமையில எடுத்துருவேன்லே" என்றார் கடைசியில் போனை வாங்கி. "போன வருசம் போச்சு, எடுத்தேன்ல? இது பேருலே. நாளைக்கு நான் பூச்சி வந்துருச்சுன்னு சொன்னாலும், இவன் என்ன திட்டத்துல சொல்றானோன்னுதான் பாப்பாக. குரூப்ப வேற யாராவது பாத்துக்கிறட்டும். எனக்கு வேணாம்."

போன வருடம் பழம் போனபோது வராத தழுதழுப்பு இப்போது அவர் குரலில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மனுசன் ஊருக்கு நல்லது செய்து, ஆள் கிடைக்காமல் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக் கெடுத்தது நான் எடுத்துவிட்ட ஒரு எண்.

அன்று சாயங்காலம் குரூப்பில் போடுவதற்கு ஒரு விளக்கம் எழுதினேன். வளிமண்டலம், நிகழ்தகவு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவு என்று இரண்டு பக்கம் வந்தது. சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஜெயந்தி நன்றாக இருக்கிறது என்றாள். கயல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல சாரி எங்கப்பா இருக்கு?" என்றாள்.

இல்லைதான்.

"நீ நம்பரை எடுத்துட்ட. அதை மட்டும் சொல்லு. குடு, நான் பேசுறேன்."

அவள் என் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழையும் வீட்டில் கேட்ட தமிழையும் கலந்து குரல்பதிவாகப் பேசினாள். அதை நான் பிறகு பத்துத் தடவையாவது போட்டுக் கேட்டிருக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கயல். வேல்முருகன் பெரியப்பாவுக்கு என் அப்பா தம்பி. தவறு செய்தது என் அப்பா. போன்ல எழுபது இருந்துச்சு. அப்பா பயந்து அந்த எழுபதை எடுத்துட்டாங்க. எழுபது என்றால், இதே மாதிரி பத்து வெள்ளிக்கிழமை வந்தா, ஏழு வெள்ளிக்கிழமை மழை. மூணு வெள்ளிக்கிழமை மழை இல்லை. இது அந்த மூணுல ஒண்ணு. பெரியப்பா உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டாங்க. அதனால அவங்களுக்கு ஆள் கிடைக்கலை. பெரியப்பா கெட்டிக்காரர் இல்லை. நன்றி."

கடைசி வாக்கியத்தைக் கேட்டு ஜெயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் திருத்தச் சொல்வதற்குள் கயல் அனுப்பிவிட்டாள்.

காலையில் பார்த்தால் குரூப் நிரம்பி வழிந்தது. வெட்டு ஆட்களின் மேஸ்திரி, தன் போனில் அண்ணன் புதன்கிழமை நாலு தடவை கூப்பிட்டதைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். "பாவம், கெஞ்சுனாரு, என்கிட்ட ஆளு இல்ல" என்று கூடவே ஒரு வரி. அதற்குக் கீழே அண்ணன் தோட்டத்துக்கு அடுத்த பந்தல்காரர் முத்தையா மாமா குரல்பதிவில் பேசியிருந்தார்.

"தாயி, நீ சொன்னது நல்லா வெளங்குச்சு. உங்க பெரியப்பா கெட்டிக்காரர் இல்லங்கிறது எங்களுக்கு ஏற்கனவே தெரியும். அந்த மூணு வெள்ளிக்கிழமை எதுன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிரு, போதும்."

அண்ணன் மறுபடி குரூப்பில் முதல் செய்தி போட்டது அன்று மத்தியானம். மாவுப்பூச்சி பற்றி. எல்லோரும் சரி என்று பதில் போட்டிருந்தார்கள்.

7

இப்போது என் வானிலை நிலையம் மூடப்பட்டுவிட்டது. அண்ணன் நேராகக் கயலைக் கூப்பிடுகிறார். பள்ளி விட்டு வந்ததும் அவள் எண்ணைச் சொல்கிறாள், பிறகு அவளே கேட்கிறாள்: "பெரியப்பா, ஜீப்பு வந்துச்சா? தாள் நனைஞ்சிருக்கா?" ஒருநாள் "அங்கன காத்து எப்பிடி?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்து, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். என்ன பார்க்கிறாய் என்பது போல என்னைப் பார்த்துவிட்டு அவள் பேச்சைத் தொடர்ந்தாள். இந்த இரண்டு நிலையங்களும் சேர்ந்து சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கிறதாம்.

போன சனிக்கிழமை அண்ணன் அபூர்வமாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இந்தக் கோடைக்கு வர்றேன்னு சனவரியில சொன்னியே. அது எத்தனை சதவீதம்?"

நான் யோசிக்காமல், "எழுபதுண்ணே" என்றேன்.

"பாப்பா எனக்குச் சொல்லிக் குடுத்துருச்சு. எழுபதுன்னா பத்துக்கு ஏழு" என்றார். "நீ போயி ஏழு வருசம். ரெண்டு தடவதான் வந்திருக்க. இதுலயும் நம்பரை மாத்திச் சொல்றியாலே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சீனியாரிட்டி, படிவம், அட்டை என்று ஒவ்வொரு வருடமும் நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் கோடை வாரத்தை மாற்றிக்கொள்கிறீர்களா என்று ஒரு ஓட்டுநரிடமாவது நான் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டு, இல்லை என்றால் என்ன செய்வது என்ற கூச்சம்.

திங்கட்கிழமை டிப்போவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூத்த ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டேன். ஜூனில் அவருக்கு மூன்று வாரம். எனக்கு நவம்பரில். அவர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஜூனில் தனக்குப் போக ஒரு இடமும் கிடையாது, நவம்பர் என்றால் மகள் வீட்டுக்குப் போகலாம், ஏன் இத்தனை வருடம் கேட்கவில்லை என்றார். ஏழு வருடம் தள்ளிப்போட்ட விஷயம் அவர் பிஸ்கட்டை நனைத்துத் தின்பதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு "ஜூன்ல வர்றோம்ணே, நூறு" என்று அனுப்பினேன். எனக்குப் பதில் வரவில்லை. கயலின் போன்தான் அடித்தது.

"ஏத்தா, உங்கப்பன் நூறுங்கிறான். நீ எத்தனைங்கிற?"

கயல் மேஜை மேல் இருந்த விடுமுறைப் படிவத்தைப் பார்த்தாள். "தொண்ணூறு பெரியப்பா. அப்பா பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சு. இன்னும் ஆபீஸ்ல குடுக்கலை."

"அதான பாத்தேன்" என்றார் அண்ணன்.

மறுநாள் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் படிவத்தைக் கொடுத்து, முத்திரை குத்தும்வரை நின்று, நகலைப் படம் எடுத்துக் கயலுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவுக்கு நூறு என்று மட்டும் போட்டாள். இடைவேளையில் போனைத் திறந்தபோது அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு வரி வந்திருந்தது.

"குடை எடுத்துட்டு வா. இந்தத் தடவ சாரல் முந்துதுன்னு ஜீப்புல வர்றவுக சொல்றாக."